பட்டத்திற்குப் பின் மருத்துவம்

காதம்பினி 1861ஆம் ஆண்டு பிறந்தார். அவர்தம் தந்தையார் பாகல்பூரில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். பெண்கள் பள்ளி செல்வதே அரிதாக இருந்த அக்காலத்தில், 1878இல் காதம்பினி கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்றார். அவர் மேற்கொண்டு பயில்வதற்காகவே பெத்தூன் பள்ளியில் கல்லூரி வகுப்புத் தொடங்கப்பட்டது. ஒரு மாணவிக்காக ஒரு கல்லூரியே தோன்றியது எனலாம்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியோ பெண்களைச் சேர்க்க மறுத்தது. அதனால் அபலா தாஸ் என்னும் வங்கப் பெண் 1882இல் சென்னைக்குச் சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. காதம்பினி சென்னைக்குச் செல்லவில்லை, கல்கத்தாவிலேயே பி.ஏ. வகுப்பில் பயின்றார். 1883இல் அவரும் சந்திரமுகி பாசுவும் இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் ஆயினர்.

இனி என் செய்வது? சந்திரமுகி எம்.ஏ. பட்டத்தை நாடினார், பின்னர் ஆசிரியப் பணி ஏற்றார். காதம்பினிக்கும் அவ்வழி எளிதாகவே இருந்தது. எனினும் இருபத்திரண்டாம் வயதில், பட்டம் பெற்ற அவர், மீண்டும் முதலாண்டு மாணவியாக அமரத் துணிந்தார். தம் ஆசிரியராக விளங்கிய துவாரகநாத் கங்குலியை அவர் மணந்ததும் அவ்வாண்டிலேதான். திருமணத்தோடு பெண்ணின் படிப்பு முடிந்துவிடும் என்பது அன்றைய வழக்கம். இவருக்கோ கணவரே துணைநின்று வாதாடினார். கல்லூரி ஆசிரியர்கள் எதிர்த்தபோதும் அரசு தலையிட்டமையால் இடம் கிடைத்தது.

படிப்பு எளிதாக முடியவில்லை. இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாமையால் எம்.பி. பட்டம் கைநழுவியது. மருத்துவத் தொழில் புரிய உரிமை தரும் வேறொரு சான்றிதழே 1886இல் கிட்டியது. அவர் டஃப்ரின் சீமாட்டி மருத்துவமனையில் பணியாற்றினார். ஆயினும் அயல்நாட்டுப் பட்டம் பெற்ற பெண் மருத்துவர்களுக்கு நிகராக மதிக்கப்படவில்லை. அக்குறையைச் சொல்லிச் சொல்லி வருந்தும் இயல்பினர் அல்லர் காதம்பினி. 1893இல், முப்பது வயதைக் கடந்த நிலையில், குழந்தைகளை வீட்டாரிடம் விட்டுக் கப்பலேறினார். எடின்பரோவில் தேர்வெழுதி, மூன்று மருத்துவத் தகுதிகளுடன் அவ்வாண்டே நாடு திரும்பினார்.

அதன்பின் முப்பது ஆண்டுகள் கல்கத்தாவில் மருத்துவம் புரிந்தார். 1923ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் மறைந்தார். அன்றும் அவர் நோயாளியைக் கவனித்துவிட்டே வீடு திரும்பியிருந்தார்.