சாவின் எல்லையைக் கடந்து: டொயோஹிகோ ககாவா

ஜப்பான் தேசத்தின் துறைமுகப் பட்டணமாகிய கோபேயில் 1888-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் டொயோஹிகோ ககாவா பிறந்தார். தந்தை கப்பல் வாணிபம் செய்த செல்வந்தர். தாயோ அவருக்குச் சட்டப்படியான மனைவி அல்லர். நான்கு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த சிறுவன், ஷிகோக்கு தீவில் டொகுஷிமாவை அடுத்திருந்த தந்தையின் பூர்வீக இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். அங்கே தந்தையின் மனைவியும் பாட்டியும் இருந்தனர். உணவுக்குக் குறைவில்லை, அன்புக்குத்தான் பஞ்சம்.

டொகுஷிமாவில் படித்த நாட்களில், ஆங்கிலம் கற்கும் ஆவலோடு லோகன், மையர்ஸ் என்னும் அமெரிக்க மிஷனெரிகளிடம் சென்றுவந்தான். பாடத்தைவிட அவ்வீடுகளில் கண்ட பரிவே அவனைத் தொட்டது. 1904 பிப்ரவரியில் மையர்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஊழியத்திற்குச் செல்லும் தீர்மானத்தை உறவினர் ஏற்கவில்லை. எனினும் மிஷனெரிகளின் ஆதரவோடு டோக்கியோவிலும், பின்பு கோபேயிலும் கல்வியைத் தொடர்ந்தார்.

அவ்வேளையில் காசநோய் அவரை வீழ்த்தியது. கடலோரக் கிராமம் ஒன்றில் மீனவர் குடிசையில் தனிமையாகத் தங்கி, சாவை எதிர்நோக்கியிருந்த நிலையில் தம் வாழ்க்கையையே நாவலாக எழுதத் தொடங்கினார். நல்ல தாளுக்குப் பணமின்றிப் பழைய இதழ்களின் அச்சிட்ட பக்கங்கள்மேலேயே எழுதினார் என்பர். எழுதியதை அந்நாளின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஷிமாசாகி டோசோனிடம் காட்டியபோது, சில ஆண்டுகள் ஒதுக்கி வைத்துப் பிறகு எடுத்துப் பார்க்கும்படி அவர் ஆலோசனை கூறினார். இளம் எழுத்தாளனுக்கு அது கசப்பாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கதைக்கு வேண்டிய பாதி அப்போது இன்னும் நிகழவே இல்லை.

1909-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், தம் உடைமைகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கோபேயின் ஷிங்காவா சேரியில் குடியேறினார். வயது 21. கொலை நடந்த வீடு, பேய் உலாவுகிறது என்று மற்றவர் அஞ்சிய இடம் அவருக்குக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. குடிகாரரும் சூதாடிகளும் நோயாளிகளும் அந்தச் சிறு அறையைப் பகிர்ந்துகொண்டனர். அப்படித் தங்கவந்த ஒருவரிடமிருந்து தொற்றிய கண்நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. வேண்டாத குழந்தைகளைப் பணம் பெற்று வளர்ப்பதாக வாங்கி, பட்டினியால் சாகவிடும் கொடுமை அங்கே நடந்துவந்தது. அத்தகைய ஒரு குழந்தையை, மணமாகாத இளைஞராகிய அவரே எடுத்து வந்து பால் புகட்டிப் பேணினார். 1913-இல் அச்சகத் தொழிலாளியாக இருந்த ஹாரு அம்மையாரை மணந்தார். அந்தச் சேரியே புதுமணத் தம்பதியரின் இல்லமாயிற்று. 1914 முதல் 1916 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் படித்து, 1917-இல் நாடு திரும்பியவர், மீண்டும் ஷிங்காவாவுக்கே வந்தார்.

பழைய கைப்பிரதி இப்போதுதான் முழுமை பெற்றது. குடிசையில் எழுதியதோடு சேரியில் கண்டவற்றையும் சேர்த்து எழுதினார். 'கைஸோ' இதழில் அதன் ஒரு பகுதி வெளியாகி, 1920 அக்டோபரில் நூலாயிற்று. 'சாவின் எல்லையைக் கடந்து' என்பது அதன் பெயரின் பொருள். இலக்கிய விமரிசகர்கள் அதன் நடையைப் பெரிதாக மதிக்கவில்லை. அந்தத் தீர்ப்பில் நியாயமும் உண்டு. அவர் எப்போதும் அவசரமாக எழுதியவர். ஆனால் வாசகர்கள் இலட்சக்கணக்கில் வாங்கினர். சேரியில் வாழும் மனிதரைத் தங்கள் அண்டை வீட்டாராக அவர்கள் முதன்முறையாகக் கண்டது அந்தப் பக்கங்களிலேதான்.

திடீரென்று கையில் பணமும் நாடெங்கும் பெயரும் வந்தன. பணம் வந்த வேகத்திலேயே போயிற்று: 1921-இல் கோபே கப்பல் கட்டும் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின் செலவுகளுக்கும், சேரியின் மருத்துவப் பணிக்கும், 1922-இல் நண்பர் சுகியாமாவுடன் தொடங்கிய விவசாயிகள் சங்கத்திற்கும். அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியதற்காகச் சிறைக்கும் சென்றார். பெயரையோ வேறுவிதமாகச் செலவிட்டார். நாவலாசிரியரைக் காணத் திரண்டவர்களால் கூட்ட அரங்குகள் நிரம்பின. தம் புத்தகத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு அவர் சிலுவையையே அறிவித்தார். தேவாலய வாசலை மிதிக்காத மாணவரும் தொழிலாளரும் அவ்வாறு நற்செய்தியைக் கேட்டனர்.

1921 அக்டோபரில் நாரா நகரில் ஒரு சிறு குழுவோடு 'இயேசுவின் நண்பர்கள்' என்ற ஐக்கியத்தைத் தொடங்கினார். பக்தி, ஏழைகளோடு நட்பும் உழைப்பும், உலக சமாதானம், தூய வாழ்க்கை, சமுதாயச் சேவை ஆகிய ஐந்துமே அதன் ஒழுங்கு. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ பெரும் பூகம்பத்தில் அழிந்தபோது ககாவா விரைந்து சென்று ஹோன்ஜோ பகுதியில் கூடாரமிட்டார். நண்பர்கள் ஐக்கியத்தினர் அவரோடு துயர்துடைப்பில் இறங்கினர். பின்னர் 'தேவனுடைய இராஜ்ய இயக்கம்' என்ற பெயரில் நாடு தழுவிய நற்செய்திப் பயணங்கள் நடந்தன. பத்து இலட்சம் ஆத்துமாக்கள் என்ற இலக்கு எட்டப்படவில்லை. தீர்மானச் சீட்டில் கையொப்பமிட்டவர் பலர், சபைகளில் நிலைத்தவர் சிலர். களப்பணி அறிந்த நம் வாசகர்களுக்கு இந்த இடைவெளி புதிதன்று.

1934-35-இல் 'இயே நோ ஹிகாரி' இதழில் அவர் எழுதிய மற்றொரு தொடர்கதை, பாலும் தேனும் ஓடும் நாட்டைத் தலைப்பாகக் கொண்டு, கூட்டுறவால் ஒரு மலைக்கிராமம் எழுவதைச் சொல்லியது. ஊர்தோறும் உழவர்கள் அதைப் படித்தனர். அந்த இதழின் விற்பனை பத்து இலட்சத்தைக் கடந்தது அக்காலத்தில்தான்.

1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய அகில உலக மிஷனெரி மாநாட்டுக்கு ககாவா வந்தார். ஜப்பானியப் படைகள் சீனாவை நாசமாக்கிக் கொண்டிருந்த வேளை அது. சீனப் பிரதிநிதிகளும் அங்கே இருந்தனர். 1939 ஜனவரியில் பர்டோலியில் காந்தியடிகளைச் சந்தித்தார். போரைக் குறித்து அவருடைய மனச்சாட்சி என்ன கூறுகிறது என்று காந்தியடிகள் நேராகவே வினவினார்; அதை வெளிப்படையாக அறிவித்து, வேண்டுமானால் உயிரையும் கொடுக்கும்படி ஆலோசனை கூறினார். 1940 ஆகஸ்டில் போர் எதிர்ப்புக் கருத்துகளுக்காக இராணுவக் காவலர் ககாவாவைக் கைதுசெய்து சில வாரங்கள் அடைத்து வைத்தனர். 1941-இல் சமாதானத் தூதுக்குழுவில் அமெரிக்கா சென்றார்.

ஆயினும் போர் முற்றியபின் அதே குரல் ஜப்பானிய வானொலியில் எதிரணியைக் கண்டித்து ஒலித்தது. நெருக்கத்தாலா, நாட்டுப்பற்றாலா என்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் இன்னும் விவாதிக்கின்றனர். 1915-இல் வறியோரின் மனநிலை பற்றி அவர் எழுதிய நூலிலும், பிறப்பால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களைப் பிறவியிலேயே தாழ்ந்தவர்போலச் சித்திரித்த பகுதிகள் உண்டு. யாரிடையே வாழ்ந்தாரோ அவர்களையே அந்த எழுத்து காயப்படுத்தியது. அவர் மறைந்தபின் ஜப்பானிய சபை அதற்குப் பதில்சொல்ல வேண்டியதாயிற்று. அவரைப் புனிதராக்கும் வரலாறுகள் இவ்விரண்டையும் விட்டுவிடுகின்றன. விடாமல் சொன்னாலும் ஷிங்காவாவின் அறை சிறிதாகிவிடாது.

இலக்கியத்திற்கும் சமாதானத்திற்குமான நோபல் பரிசுகளுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. முதுமையிலும் பயணம் ஓயவில்லை. 1959 ஜனவரியில், தாம் அநாதையாக வளர்ந்த ஷிகோக்கு தீவுக்கு நற்செய்திப் பணிக்காகச் செல்கையில் நோயுற்று விழுந்தார். 1960 ஏப்ரல் 23-ஆம் நாள் டோக்கியோவில், தம் இல்லத்தில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1921-இல் அவர் முன்னின்று கோபேயில் தொடங்கிய நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு நடந்துவருகிறது.