உதயகிரிக் கோட்டை தரும் இரு பாடங்கள்



புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறையை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

1715-இல் அர்ராஸ் நகரில் பிறந்த கத்தோலிக்கர் அவர். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையோடு தோற்று, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் கைதியானார். அவரை வாழவைத்தது அவர் அறிந்திருந்த தொழில். வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், உதயகிரியில் பீரங்கி வார்க்கச் செய்தார். கைதி தளபதியானார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள்.

அரண்மனை அலுவலர் நீலகண்டபிள்ளை அவருடைய நண்பர். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து அவர் கலங்கி நின்றபோது, டிலனாயின் பீரங்கி அறிவு உதவவில்லை. துன்புற்ற யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துச் சொன்னார். துன்பத்தின் பொருளைத் தேடிய அந்த உள்ளம் தெளிவு பெற்றது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-இல் காற்றாடிமலையில் மறைசாட்சியாக உயிர் துறந்தார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. டிலனாய் 1777-இல் இறந்தார்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை தமிழோ வரலாறோ படிக்க விரும்பினால், அது சோறு போடுமா என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். தொழில் தெரியாவிட்டால் டிலனாய் சிறையிலேயே முடிந்திருப்பார். ஆனால் தொழில் மட்டுமே தெரிந்திருந்தால், கலங்கிய நண்பருக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது.

ஐ.டி.ஐ. செல்லும் பிள்ளையின் கையில் ஒரு நல்ல நூலையும், கலைக்கல்லூரி செல்லும் பிள்ளைக்கு ஒரு கைத்தொழிலையும் கொடுப்போம்.