காற்றைத் தொட்டியில் பிடித்து வைத்த வாத்தியார்



அறிவியலாளர் வாழ்க்கை எழுதுன்னு டீச்சர் சொன்னால் நாம எல்லோரும் நியூட்டன், எடிசன், மேரி கியூரி என்றுதான் ஓடுவோம். நான் எழுதப் போகிறவரை நம்ம பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். ஆனால் டென்மார்க் நாட்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அந்த நாட்டு எடிசன் என்றே சிலர் அவரைச் சொல்வார்கள். அவர் பெயர் போல் லா கூர். கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். காற்றில் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அதில் வந்த ஹைட்ரஜனில் தன் பள்ளிக்கூடத்துக்கே விளக்கு ஏற்றினவர். அதுவும் 1895-ல்!

இன்றைக்குப் பேப்பரில் பசுமை ஹைட்ரஜன், பசுமை ஹைட்ரஜன் என்று அடிக்கடி வருகிறதே, அது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

லா கூர் 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ல் எபெல்டொஃப்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். கோபன்ஹேகனில் படித்தார். வானிலைதான் அவர் எடுத்துக்கொண்ட துறை. 1872-ல் டென்மார்க் வானிலை நிறுவனம் தொடங்கியபோது அதில் துணை இயக்குநர் ஆனார். அப்போது வயசு 26 தான். அந்தக் காலத்தில் தந்தி பெரிய விஷயம். ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் போகும். லா கூர் இசைக்கவைகளை வைத்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சுருதி என்று பிரித்து, ஒரே கம்பியில் பல செய்திகளை அனுப்ப வழி கண்டுபிடித்தார். (இசைக்கவை நம்ம லேபிலும் இருக்கிறது, ஒலி பாடத்தில் தட்டிக் காட்டினாங்களே, அதேதான்.) அதே நேரத்தில் அமெரிக்காவில் எலிஷா கிரேயும் கிரகாம் பெல்லும் இதே எண்ணத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். காப்புரிமை யாருக்கு என்று போட்டி வந்தது. பேரும் பணமும் அவங்க பக்கம் போயின.

இதோடு அவர் கோபன்ஹேகனிலேயே இருந்திருந்தால் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் 1878-ல் வேலையை விட்டுவிட்டு அஸ்கோவ் என்ற சின்னக் கிராமத்துக்கு வாத்தியாராகப் போனார். அங்கே இருந்தது மக்கள் உயர்நிலைப்பள்ளி. பெயர்தான் உயர்நிலைப்பள்ளி, நம்ம பள்ளிக்கூடம் மாதிரி கிடையாது. விவசாயிகளுடைய வளர்ந்த பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிற இடம். பரீட்சையே இல்லை! (இதைப் படித்ததும் என் பக்கத்து பெஞ்ச் தோழி உடனே டென்மார்க் போகணும்னு சொல்லிவிட்டாள்.) அங்கே அவர் கணக்கையும் இயற்பியலையும் வரலாறாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரு விதியை எடுத்ததும் சொல்லாமல், அதை யார், எதற்காகத் தேடினார்கள் என்று கதையிலிருந்து தொடங்குவார். அப்படியே புத்தகங்களும் எழுதினார்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. பட்டணத்தில் மின்சாரம் வரத் தொடங்கிவிட்டது, தொழிற்சாலை வந்துவிட்டது. கிராமத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். கிராமத்துப் பிள்ளைகள் எல்லாம் பட்டணத்தைப் பார்த்துக் கிளம்பினால் கிராமம் என்ன ஆவது? டென்மார்க்கில் நிலக்கரியும் இல்லை, வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். மலையில் இருந்து விழுகிற ஆறும் இல்லை, தட்டையான நாடு. அங்கே சும்மா கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். காற்று.

1891-ல் அரசாங்கத்திடம் பணம் கேட்டு வாங்கி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சோதனைக் காற்றாலை கட்டினார். பார்க்க மாவு அரைக்கிற பழைய காற்றாலை மாதிரியே இருக்கும், நாலு இறக்கை. மாவுக் கல்லுக்குப் பதிலாக டைனமோவைச் சுற்றியது, அவ்வளவுதான். ஆனால் காற்று ஒரே சீராக அடிக்குமா? ஒரு நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் சோம்பல். டைனமோ வேகம் கூடிக் குறைந்தால் மின்சாரமும் கூடிக் குறையும். இதைச் சரி பண்ண அவர் எடைக்கல்லையும் கப்பியையும் பெல்ட்டையும் வைத்து ஒரு அமைப்பு செய்தார். அதற்கு கிராட்டோஸ்டாட் என்று பெயர் வைத்தார். காற்று முரட்டுத்தனமாக அடித்தாலும் டைனமோவுக்கு அளவான விசைதான் போகும்.

இன்னொரு சிக்கல்தான் பெரிய சிக்கல். காற்றே இல்லாத ராத்திரி என்ன செய்வது? மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற ஈய மின்கலம் அப்போது ரொம்ப விலை. அங்கேதான் ஹைட்ரஜன் வருகிறது.

தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். இது 1800-லேயே இங்கிலாந்தில் கண்டுபிடித்த விஷயம். எங்க டீச்சர் வகுப்பில் செய்து காட்டினாங்க. ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா போட்டு, ரெண்டு பக்கமும் சீவின ரெண்டு பென்சிலை நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரியோடு கம்பி கொடுத்தாங்க. எதிர்முனைப் பென்சிலில் குமிழ் பொங்கிப் பொங்கி வந்தது. அதுதான் ஹைட்ரஜன். மற்றதில் கொஞ்சமாக வந்தது. ஹைட்ரஜனைச் சின்னக் குழாயில் பிடித்து, எரிகிற தீக்குச்சியைக் காட்டினதும் டப் என்று ஒரு சத்தம். முன் வரிசையில் இருந்த நாங்க எல்லோரும் பின்னால் சாய்ந்துவிட்டோம். எரிந்த பிறகு குழாயின் உள்பக்கம் ஈரம் பூத்திருந்தது. புகை இல்லை, கரி இல்லை, திரும்பவும் தண்ணீர். 9 கிலோ தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜனும் 8 கிலோ ஆக்ஸிஜனும் கிடைக்கும்.

லா கூர் இதையே பெரிசாகச் செய்தார். இத்தாலியைச் சேர்ந்த கருட்டி என்பவர் உருவாக்கிய மின்னாற்பகுப்புக் கருவியை வாங்கினார். காற்று அடிக்கும்போதெல்லாம் ஹைட்ரஜன் சேரும். அதை 12 கனமீட்டர் தொட்டியில் நிரப்பி வைத்தார். இருட்டினதும் குழாய் வழியாக விளக்குகளுக்குப் போகும். ஹைட்ரஜன் சுடருக்கு வெளிச்சமே கிடையாது, மங்கின நீலம்தான். அதனால் ஆக்ஸிஜனையும் சேர்த்து எரித்து, அந்தச் சூட்டில் ஒரு திடப்பொருளைப் பழுக்க வைத்து, அது கொடுக்கிற வெளிச்சத்தில் படித்தார்கள். 1895-ல் இருந்து 1902 வரை ஏழு வருஷம். காற்று நின்றுபோன நாளிலும் பள்ளிக்கூடத்தில் விளக்கு எரியாமல் போனதில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை பேய்க்காற்று அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு, பரீட்சைக்கு முந்தின நாள் கரண்ட் போய் மெழுகுவத்தியில் படித்த எனக்கு இந்த இடத்தைப் படிக்கையில் பொறாமையாக இருந்தது.

ஆனால் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் அது பொய். சில சமயம் கொஞ்சம் ஆக்ஸிஜன் ஹைட்ரஜனோடு கலந்துவிடும். எங்க வகுப்பில் குழாயில் கேட்ட அந்த டப் சத்தத்தை ஒரு கட்டடம் அளவுக்கு நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தின் சில கட்டடங்களில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. அவர் புதுக் கண்ணாடி போட்டார். மறுபடியும் வெடித்தது. மறுபடியும் போட்டார். இப்படிப் பல தடவை! காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே பொறி பட்டால் தீப்பிடிக்கும் என்று டீச்சர் சொன்னாங்க. நம்ம ஊரில் ஒரு தடவை கண்ணாடி உடைந்திருந்தாலே அந்த வாத்தியாரை மாற்றல் பண்ணியிருப்பார்கள் என்று எங்க ஆச்சி சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வெடிக்கிற வாயுவை வைப்பது சரியா என்று டீச்சரிடம் கேட்டேன். நல்ல கேள்வி, நீயே யோசி என்று விட்டுவிட்டாங்க. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவரும் யோசித்திருப்பார் போல. 1902-ல் ஹைட்ரஜன் விளக்கை நிறுத்திவிட்டு மின்கலத்துக்கு மாறினார். மின்சாரத்தைக் கம்பி வழியாக ஊர் வீடுகளுக்கும் கொடுக்கலாம், வெடிக்கிற பயமும் இல்லை. தான் ஏழு வருஷம் பாடுபட்டதாச்சே என்று அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே இந்த இடத்தில்தான். அவருக்கு வேண்டியது கிராமத்துக்கு வெளிச்சம். அது எந்த வழியில் வந்தாலும் சரி.

இதற்கிடையில் செயற்கையாகக் காற்றை வீசச் செய்கிற காற்றுக்குழாய் செய்து, சின்னச் சின்ன இறக்கைகளை அதில் வைத்துச் சோதித்தார். மெதுவாகச் சுற்றுகிற பல இறக்கைகளைவிட வேகமாகச் சுற்றுகிற சில இறக்கைகளே மின்சாரத்துக்கு நல்லது என்று கண்டார். 1903-ல் காற்று மின்சாரத்துக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1904-ல் இருந்து கிராமத்து இளைஞர்களுக்குக் காற்றாலை மின்வேலை கற்றுக்கொடுத்தார். 1908 ஏப்ரல் 24-ல் இறந்தார். வயசு 62.

1918-ல் டென்மார்க்கில் சுமார் 120 ஊர் மின்நிலையங்களில் காற்றாலை ஓடியது. 1904 வகுப்பில் படித்த ஜோஹன்னஸ் யூல் என்ற மாணவர் வளர்ந்து, 1957-ல் கெட்சர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலை கட்டினார். மூணு இறக்கை. பின்னால் வந்த டென்மார்க் காற்றாலைகளுக்கு அதுதான் மாதிரி. 1990 வாக்கில் டென்மார்க் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வைத்தார்கள். பஸ்ஸில் போகும்போது நாம எண்ணிக்கொண்டே போவோமே, அந்தக் காத்தாடிகளுக்கு இவர் தாத்தா முறை.

ஹைட்ரஜன் கதை அஸ்கோவில் முடியவில்லை. இன்றைக்கு உலகத்தில் செய்கிற ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. இயற்கை வாயுவில் 1 கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் சுமார் 9 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. எரியும்போது சுத்தம், செய்யும்போது அழுக்கு. அதனால்தான் காற்று, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கிற வழிக்கு எல்லா நாடும் திரும்புகிறது. உரம் செய்யவும் இரும்பு உருக்கவும் மின்கலம் போதாது, ஹைட்ரஜன் வேண்டும். ஆனால் செலவு கூட. 1 கிலோ ஹைட்ரஜனில் உள்ள ஆற்றல் சுமார் 33 யூனிட், அதைச் செய்ய 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. இந்த இழப்பைக் குறைப்பதும் விலையைக் குறைப்பதும்தான் இப்போது ஆராய்ச்சி. இந்திய அரசு 2023 ஜனவரியில் இதற்காகத் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தை அறிவித்தது. 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் செய்ய வேண்டும் என்பது இலக்கு.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சின்னப் பசுமை ஹைட்ரஜன் ஆலையைத் திறந்தார்கள். மணிக்கு 10 கனமீட்டர். லா கூர் தொட்டி நிரம்ப அதற்கு ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. அந்த ஹைட்ரஜன் எதற்குத் தெரியுமா? துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும், மின்வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றவும். அடுத்த தடவை தூத்துக்குடி அத்தை வீட்டுக்குப் போகும்போது ராத்திரி ஒரு நடை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகச் சொல்லி மாமாவிடம் இப்பவே சொல்லி வைத்திருக்கிறேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி