அருணாசல மலைக் குகையில் பூசை வைத்த பிரெஞ்சுப் பாதிரியார்: யார் இந்த அபிஷிக்தானந்தர்?

திருவண்ணாமலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் விரூபாட்ச குகையையும் கந்தாசிரமத்தையும் பார்த்திருப்பார்கள். ரமணர் வருஷக்கணக்கில் தங்கிய இடங்கள் என்பதால் அங்கே எப்போதும் கூட்டம் இருக்கும். ஆனால் அந்த மலையில் வேறு குகைகளும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் அவற்றில் ஒன்றில் காவி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் தங்கியிருந்தார். தரையில் படுக்கை, மரக்கறிச் சாப்பாடு, பல நாள் மௌனம். இதெல்லாம் அந்த மலைக்குப் புதிதில்லை. விடிகாலையில் அவர் செய்ததுதான் புதிது. குகைக்குள் அப்பமும் ரசமும் வைத்து, லத்தீன் மொழியில் கத்தோலிக்கப் பூசை நிறைவேற்றுவார்.

ஊர் அவரை அபிஷிக்தானந்தர் என்று அழைத்தது. இயற்பெயர் ஆன்றி லெ சோ. பெனடிக்ட் சபைத் துறவி, குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கப் பாதிரியார். சாகும்வரை அந்தக் குருத்துவத்தை அவர் விடவில்லை. அதே சமயம், ரமணரின் மலையில் தனக்கு நேர்ந்ததையும் அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் 25 வருஷம் மாட்டிக்கொண்ட ஒரு மனிதரின் கதை இது.

பிரிட்டனி டு குளித்தலை

1910 ஆகஸ்ட் 30-ம் தேதி, பிரான்சின் பிரிட்டனி பகுதியில் சான் பிரியாக் என்ற கடலோர ஊரில் பிறந்தார். பக்தியான குடும்பம், வீட்டுக்கு மூத்த பிள்ளை. 1929-ல் கெர்கோனான் பெனடிக்ட் மடத்தில் சேர்ந்தார். 1935-ல் குருப்பட்டம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராணுவத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஜெர்மானியர்களிடம் சிக்கி, தப்பி வந்தார்.

மடத்துக்குள் இருந்தபோதே இந்தியா அவர் மனசில் புகுந்துவிட்டது. ஆனால் பெனடிக்ட் துறவி என்பவர் சேர்ந்த மடத்திலேயே கடைசிவரை இருப்பேன் என்று வாக்கு கொடுத்தவர். நினைத்தவுடன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. அனுமதிக்காகக் காத்திருந்தே பல வருஷம் போனது. கடைசியில் 1947-ல் திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அங்கே ஏற்கெனவே இருந்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அவர்தான் ஜூல் மோன்ஷனின்.

மோன்ஷனின் 1939-லேயே தமிழ்நாட்டுக்கு வந்தவர். பெரிய தத்துவ அறிஞர். பிரான்சில் அவருடைய பேச்சைக் கேட்க அறிவாளிகள் கூடுவார்கள். இங்கே வந்து பத்து வருஷம் திருச்சியைச் சுற்றியிருந்த கிராமப் பங்குகளில் சாதாரணப் பாதிரியாராக வேலை பார்த்தார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், திருவிழா என்று ஒரு பங்குச் சாமியாருக்கு உள்ள அத்தனை வேலையும். மனசுக்குள் இருந்த கனவு மட்டும் வேறு: இந்தியத் துறவு மரபிலேயே ஒரு கிறிஸ்தவ ஆசிரமம். தனியாகத் தொடங்க முடியாமல் இருந்தவருக்கு லெ சோவின் கடிதம் வரமாக வந்தது.

1948 ஆகஸ்டில் லெ சோ குளித்தலை வந்து சேர்ந்தார். செருப்பு போச்சு, மாமிசம் போச்சு, கட்டில் போச்சு. தமிழ் படித்தார். அதன்பிறகு ஒரு தடவைகூட அவர் பிரான்சுக்குத் திரும்பவில்லை. கன்னியாஸ்திரியாக இருந்த தங்கைக்கும் நண்பர்களுக்கும் கடிதங்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன.

ரமணர் முன்னால் ஒரு ஏமாற்றம்

1949 ஜனவரியில் மோன்ஷனின் அவரைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போனார். லெ சோவின் எதிர்பார்ப்பு வானளவு. மகரிஷியைப் பார்த்ததும் ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் இருந்தவர் வெள்ளைத் தாடியுடன் ஒரு சாதுவான தாத்தா, அவ்வளவுதான். சுற்றிலும் பக்தர்கள் காட்டிய பரபரப்பான மரியாதை அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆசிரமத்தில் தங்கியிருந்த எத்தல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம் நேருக்கு நேர் ஒன்று சொன்னார். நீங்கள் மூட்டை முடிச்சோடு வந்திருக்கிறீர்கள், எது எந்த வழியாக வர வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள், முதலில் காலியாகுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஒரு பாதிரியாரிடம் இப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும்.

அந்தச் சொல் வேலை செய்தது. மாலையில் வேத பாராயணம் கேட்டார், மறுபடி அந்தப் பெரியவரைப் பார்த்தார். காய்ச்சல் வேறு வந்து படுத்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகும் அந்த முகம் அவரை விடவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் மறுபடி போனார். அப்போது ரமணரின் இடது கையில் புற்றுக்கட்டி, அறுவை சிகிச்சைகள் நடந்துகொண்டிருந்தன. தரிசன நேரம் குறைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது முறை போகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோதே 1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார்.

மொத்தத்தில் அவர் ரமணரைப் பார்த்தது சில நாள்கள்தான்.

யாரும் வந்து சேராத ஆசிரமம்

இதற்கு நடுவில், 1950 மார்ச் 21 அன்று, அன்றைய நாள்காட்டிப்படி புனித பெனடிக்ட் திருநாளில், காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கியது. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி. சாந்திவனம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

பெயரைக் கவனியுங்கள். சத், சித், ஆனந்தம் என்ற வேதாந்தச் சொற்களைத் தந்தை, மகன், தூய ஆவி என்ற கிறிஸ்தவ மூவொரு கடவுளுக்குப் பொருத்திப் பார்க்கும் முயற்சி அது. மோன்ஷனின் பரம அரூபி ஆனந்தர் ஆனார், அதாவது உருவமற்ற ஆவியானவரில் ஆனந்தம் காண்பவர். லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தர் ஆனார். கிறிஸ்து என்ற சொல்லுக்கே அபிஷேகம் செய்யப்பட்டவர் என்றுதான் பொருள். பெயர் நீளமாக இருந்ததால் பிறகு அபிஷிக்தானந்தர் என்று சுருங்கியது.

காவி கட்டிய பாதிரியார் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி அதைச் செய்துவிட்டார். ஆனால் நொபிலிக்கு உடையும் உணவும் நற்செய்தி சொல்வதற்கான வாசல். லெ சோவும் வரும்போது கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தார். இந்தியாவின் துறவு கிறிஸ்துவில்தான் முழுமை அடையும் என்று நம்பினார். அவர் மாறியது அதற்குப் பிறகு, மலையில்.

ஆசிரமத்தின் நிலைமை பரிதாபம்தான். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இளைஞர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். நிலையாக ஒருவரும் ஒட்டவில்லை. இந்துக்களுக்கு அது பாதிரிமார் இடம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கோ, பிள்ளையை குருமடத்துக்கு அனுப்பலாம், மரத்தடியில் சாமியாராக உட்கார யார் அனுப்புவார்கள்?

குகை

1952-லிருந்து அபிஷிக்தானந்தர் அருணாசலத்துக்கு அடிக்கடி கிளம்பிவிடுவார். 1955 வரை வாரக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாக, மலைக் குகைகளில் தங்கினார். அருட்பால் தீர்த்தம் அவற்றில் ஒன்று. சாமியார்களோடு பழகினார். கோவில் மணி கேட்கும் தூரத்தில் கிறிஸ்தவ ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

இங்கேதான் சிக்கல் பிடித்தது. நான் யார் என்று ரமணர் கேட்கச் சொன்ன கேள்வியை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியில் உள்ளே போகப் போக, இரண்டற்ற ஒன்று என்பது தத்துவமாக இல்லாமல் அனுபவமாகவே வந்தது என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். அப்படியானால் ஜெபம் யார் யாரிடம் செய்வது? பூசையில் காணிக்கை கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? கடவுளும் பக்தனும் இரண்டு இல்லை என்றால் திருச்சபை, மன்னிப்பு, மீட்பு எல்லாம் என்னாவது?

நமக்கு இது ஏதோ பட்டிமன்றத் தலைப்பு மாதிரித் தோன்றலாம். அவருக்கு அப்படி இல்லை. 1950-கள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய காலம். திருச்சபைக்கு வெளியே மீட்பு உண்டா என்பதே விவாதமாக இருந்த நேரம். அனுபவம் பொய் என்றால் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். உண்மை என்றால் ஒருவேளை விசுவாசத்தை விட்டு விலகுகிறார், தன் ஆன்மாவையே பணயம் வைக்கிறார். இப்படி யோசித்துப் பயந்த பக்கங்கள் அந்த நாட்குறிப்பில் நிறைய. தொடர்ந்து பூசை வைக்கத் தனக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்விவரை போயிருக்கிறார்.

குகை அனுபவத்தை குஹாந்தரா என்ற பெயரில் எழுதி பாரிசுக்கு அனுப்பினார். 1954-ல் திருச்சபைத் தணிக்கையாளர் அதை நிராகரித்துவிட்டார்.

பக்கத்திலேயே இருந்த மோன்ஷனினும் ஒத்துவரவில்லை. இந்தியாவை நேசித்தவர்தான், ஆனால் அத்வைதமும் மூவொரு கடவுள் கொள்கையும் ஒட்டவே ஒட்டாது என்ற முடிவுக்கு அவர் வந்துகொண்டிருந்தார். நண்பரின் போக்கு அவருக்குக் கவலையாக இருந்தது. நண்பருக்கோ இவருடைய தயக்கம் பொறுக்கவில்லை. ஒரே வளாகம், ஒரே ஜெப நேரம், இரண்டு திசை. மோன்ஷனின் உடல்நலம் கெட்டு 1957 அக்டோபர் 10 அன்று பாரிசில் இறந்தார்.

திருக்கோவிலூரில் கிடைத்த குரு

1955 டிசம்பரில் திருக்கோவிலூர் தபோவனத்துக்குப் போனபோது ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்தார். நாமசங்கீர்த்தனம் கேட்பவர்களுக்கு ஹரிதாஸ் கிரி சுவாமிகளைத் தெரிந்திருக்கும். அவருடைய குரு இவர். த்வைதமா அத்வைதமா என்று இவர் கேட்கப்போக, அந்தக் கேள்வியால் என்ன பயன், உள்ளே போய்ப் பார் என்கிற தொனியில் பதில் வந்தது. ரமணரிடம் கிடைக்காத ஒன்று, நேரில் பேசி வழிகாட்டும் குரு, இங்கே கிடைத்தது. அந்தச் சந்திப்பைப் பற்றிப் பிறகு ஒரு புத்தகமே எழுதினார். அதில் தன் பெயரை மறைத்து வன்யா என்று வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷக் கடைசியில் கும்பகோணத்தில் மௌன மந்திர் என்ற இடத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் அறையைவிட்டு வெளியே வராமல், ஒருவரையும் பார்க்காமல் இருந்தார்.

வடக்கே போனது, கைமாறியது

மோன்ஷனின் மறைவுக்குப் பிறகு சாந்திவனத்தில் அவர் மனசு ஒட்டவில்லை. 1960-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். உத்தரகாசியில் கங்கைக் கரையில் ஒரு குடில் போட்டார். 1964-ல் இறையியலாளர் ரைமன் பணிக்கருடன் கங்கோத்ரிக்குப் போய் அங்கே பூசை நிறைவேற்றினார். 1968-ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாகக் கிளம்பினார். இன்று நாம் பார்க்கும் பிரபலமான சாந்திவனம் பெரும்பாலும் கிரிஃபித்ஸ் காலத்தில் வளர்ந்தது.

இதற்குள் உலகமும் கொஞ்சம் மாறியிருந்தது. 1965-ல் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்கவில்லை என்று அறிவித்தது. 1969-ல் இந்திய வழிபாட்டுக்கான 12 அம்சங்களுக்கு ரோம் ஒப்புதல் தந்தது. கைகூப்பி வணங்குவது, தரையில் அமர்வது, குத்துவிளக்கு, ஆரத்தி எல்லாம் பூசைக்குள் வந்தது அப்படித்தான். உங்கள் பங்குத் திருவிழாவில் பீடத்துக்கு முன் ஆரத்தி எடுக்கிறார்கள் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் பெங்களூரு மையத்தின் அமலோர்பவதாஸ் அடிகளார். அதே வருஷம் பெங்களூருவில் நடந்த தேசியத் திருச்சபைக் கருத்தரங்கில் அபிஷிக்தானந்தரும் இருந்தார். ஆனால் ஆரத்தித் தட்டோடு வேலை முடிந்துவிடும் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. வெளியலங்காரம் மாறி உள்ளே மௌனம் இல்லாவிட்டால் என்ன லாபம் என்பது அவர் கவலை.

பங்கு மக்களுக்கு அவர் விட்டுப்போனதில் எளிமையானது ஜெபம் பற்றிய ஒரு சின்னப் புத்தகம், 1967-ல் வெளியானது. குகை, காவி எதுவும் தேவையில்லை. இறைவனின் பெயரை மூச்சோடு சேர்த்து மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பது பற்றி அதில் எழுதுகிறார். கீழைத் திருச்சபைகளின் இயேசு ஜெபமும் நம்மூர் நாமஜபமும் அங்கே கைகோக்கின்றன. அவர் எழுதியதில் முதலில் படிக்க வேண்டியது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். நாட்குறிப்பை எடுத்த எடுப்பில் தொட வேண்டாம், மூச்சு முட்டும்.

பஸ் பிடிக்க ஓடியபோது

1973 ஜூலை 14. ரிஷிகேஷ் கடைத்தெருவில் மளிகை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார். மாரடைப்பு, நடுத்தெருவில் விழுந்தார். அடுத்த சில மாதங்கள் அவர் எழுதிய கடிதங்களில் பயம் இல்லை, புகார் இல்லை. சாவும் வாழ்வும் இரண்டு இல்லை என்று அந்தக் கணத்தில் தெரிந்ததாகவும், பிரிட்டனிக் கதைகளில் வீரர்கள் தேடி அலையும் புனிதக் கிண்ணம் தனக்குக் கிடைத்துவிட்டதாகவும் எழுதினார். 20 வருஷம் அரித்த அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததா, கேள்வியே உதிர்ந்ததா என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தூரில் கன்னியர்கள் நடத்திய மருத்துவமனையில் 1973 டிசம்பர் 7 அன்று இறந்தார். வயது 63.

அவரிடம் தீட்சை பெற்ற பிரெஞ்சு இளைஞர் மார்க் ஷதுக் 1977-ல் கங்கைக் கரைக் குடிலிலிருந்து காணாமல் போனார். பிறகு கண்டுபிடிக்கவே முடியவில்லை.

விமர்சனங்கள் இரு பக்கமும் உண்டு. பாரம்பரியக் கத்தோலிக்கர்கள் சிலர், இவர் விசுவாசத்தைக் கரைத்துவிட்டார் என்கிறார்கள். இன்னொரு பக்கம், சீதாராம் கோயல் போன்றவர்கள் கிறிஸ்தவ ஆசிரமங்கள் எல்லாமே காவி போர்த்திய மதமாற்ற உத்தி என்று எழுதினார்கள். இரண்டாவது குற்றச்சாட்டை 1950-ன் லெ சோவிடம் கேட்டிருந்தால் அவர் கொஞ்சம் தடுமாறியிருப்பார். 1973-ன் அபிஷிக்தானந்தரிடம் அது அவ்வளவு எளிதாக ஒட்டாது.

அவர் பாதுகாத்து வைத்த நாட்குறிப்பிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை பணிக்கர் தொகுக்க, 1986-ல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது. இந்தூரில் அடக்கம் செய்யப்பட்ட உடலின் எச்சங்கள் பிறகு சாந்திவனத்துக்கே கொண்டுவரப்பட்டன. திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில், குளித்தலைக்குச் சற்று முன்னால் இறங்கினால் போதும். கிரிஃபித்ஸின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.