ராணியின் செருப்புக் காசை முத்துக்கரைக்குத் திருப்பியவர்: யார் இந்த சவேரியார்?

தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் பக்கம் போனால் தெருவுக்கு ஒரு சேவியராவது இருப்பார். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான பிரான்சிஸ் சவேரியாரைப் புனிதராக எல்லோருக்கும் தெரியும். வரிப்பணத்துக்காக அவர் நடத்திய வழக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1506-ல் நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் பிறந்தவர். இன்றைக்கு அது ஸ்பெயினில் இருக்கிறது. 1512-ல் நவாரை ஸ்பெயின் கைப்பற்றியது. எதிர்த்து நின்ற குடும்பம் என்பதால் 1516-ல் அவர்கள் வீட்டு மதிலை இடிக்க உத்தரவு வந்தது. அகழியையும் மூடிவிட்டார்கள். பையனுக்கு அப்போ 10 வயசு. பிறகு பாரீஸில் படிப்பு, இஞ்ஞாசியாரின் நட்பு, இயேசு சபை. 1542 மே மாதம் கோவா வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்குக் கிளம்பினார்.

செருப்புக்கு எதுக்கு முத்துக் காசு?

அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சுமார் 20,000 பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். மத நம்பிக்கை மட்டும் காரணமில்லை. முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டையில் போர்த்துகீசியக் கப்பல்களின் காவல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. காவல் என்றால் சும்மா வருமா? ஆண்டுதோறும் கப்பம். அதில் 4,000 பணம் (அந்தக் காலத்துப் பொற்காசு) போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. மூச்சடக்கி மூழ்குகிறவன் சம்பாத்தியம் லிஸ்பனில் செருப்பாகிக்கொண்டிருந்தது.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் அடுத்த ஊருக்கு நகர்ந்ததும் பாடம் நின்றுபோகும். ஊருக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். கணக்கப்பிள்ளை என்று அவர்களுக்குப் பெயர். சம்பளம் யார் கொடுப்பது?

அந்தச் செருப்புக் காசையே கேட்டார். ஆளுநர் மார்ட்டிம் அபோன்சோ டி சோசா ஒதுக்கினார், ராணியும் ஒப்புக்கொண்டார். முத்துக்கரையின் பணத்தில் ஒரு சிறு பங்காவது கரைக்கே திரும்பியது.

இங்கிலாந்தில் நடந்தது வேற

13-ம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்து அரசர்கள் பல நகரங்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். விற்பனைக்கு வரும் சரக்கின்மீது குறிப்பிட்ட காலத்துக்குச் சுங்கம் வசூலித்து, அந்தப் பணத்தில் நகர மதிலைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம். ‘முரேஜ்’ என்று அதற்குப் பெயர். கஜானாவிலிருந்து அரசர் காசு தரவில்லைதான். ஆனாலும் ஊர்க்காசு ஊர்ப் பாதுகாப்புக்கே போனது.

முத்துக்கரையில் கிடைத்தது ஆசிரியர் சம்பளம் மட்டும். கடலில் கப்பல் காவல் உண்டு, கரையில் சொல்லும்படியான மதில் கிடையாது. அதன் விலை 1544-ல் தெரிந்தது.

அந்த ஜூனில் வடுகர் படை குமரிப் பக்கக் கடலோர ஊர்களைச் சூறையாடியது. ஜனங்கள் கடல் பாறைகளில் போய் ஒதுங்கினார்கள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு சவேரியார் கிளம்பினார். எதிர்க்காற்றில் தோணிகள் போய்ச்சேரவில்லை. பிறகு கரைவழியே நடந்தே போனார். உதவி கேட்டு ஊர்ப் பட்டங்கட்டிகளுக்கு எழுதினார். மனசிருந்து தருகிறவர்களிடம் மட்டும் வாங்கணும், ஏழைகளிடம் கேட்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

செப்டம்பரில் தூத்துக்குடியின் முறை. போர்த்துகீசியத் தளபதி கோஸ்மே டி பைவாவின் வீடே எரிந்தது, அவரும் பக்கத்துத் தீவுகளுக்குத் தப்பி ஓடினார். காவலுக்கு வந்தவர் நிலைமையே அப்படி! பைவாவின் பேராசைமீது சவேரியாருக்குக் கடும் கோபம் இருந்தது. ஆனாலும் தோணியில் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றி அனுப்பச் சொல்லி, புன்னைக்காயலில் இருந்த தன் துணைவர் மன்சில்யாசுக்கு உடனே எழுதினார்.

அடுத்த ஆண்டு அவர் மலாக்கா போய்விட்டார். பிறகு ஜப்பான். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரைக்கு எதிரே உள்ள சாங்சுவான் தீவில் இறந்தார். 1553-ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டது. அதற்குள் அங்கே ஒரு கோட்டை வந்திருந்தது, வெறும் மண்ணால் கட்டியது. அது தாங்கவில்லை.