தந்திப் பையன் உருக்குக் கோடீசுவரர் ஆனார்

அமெரிக்காவின் உருக்குச் சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னெகி பிறவிப் பணக்காரர் அல்ல. அமெரிக்காவில் பிறந்தவரும் அல்ல.

ஸ்காட்லாந்தில் டன்பர்ம்லின் என்ற நெசவாளர் ஊரில் 1835-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி பிறந்தார். தந்தை கைத்தறி நெசவாளி. நீராவித் தறி வந்தது. கைத்தறிக்கு வேலை போயிற்று. தாய் செருப்புத் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1848-ல் கடன் வாங்கிக் கப்பல் ஏறினார்கள். பிட்ஸ்பர்க்கை அடுத்த அலிகெனியில் தாயின் சகோதரிகள் இருந்தார்கள். பிழைக்கப் போகிறவர்களுக்கு எந்தச் சீமையிலும் உறவுக்காரர் வீடுதான் முதல் சத்திரம்!

13 வயதில் பஞ்சாலை வேலை. நாளுக்கு 12 மணி நேரம். வாரச் சம்பளம் 1 டாலர் 20 சென்ட். அடுத்து தந்தி ஆபீசில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அந்த ஊரில் ஆண்டர்சன் என்ற கனவான் சனிக்கிழமைதோறும் தம் 400 புத்தகங்களை வேலைக்காரப் பையன்களுக்கு இரவல் கொடுத்து வந்தார். பள்ளிப் படிப்பை விட்ட கார்னெகிக்கு அதுதான் கல்லூரி.

ரெயில்வே உத்தியோகம்

தந்தி எந்திரத்தின் ஓசையைக் காதால் கேட்டே செய்தியை எழுதக் கற்றார். அந்தத் திறமையைப் பார்த்து, பென்சில்வேனியா ரெயில்வே அதிகாரி தாமஸ் ஸ்காட் 1853-ல் மாதம் 35 டாலர் சம்பளத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை விபத்து. வண்டிகள் வழியெங்கும் நின்றன. ஸ்காட் வரவில்லை. கார்னெகி அவர் பெயரிலேயே உத்தரவுத் தந்திகளை அனுப்பி வண்டிகளை நகர்த்தினார். ஒரு தந்தி பிசகியிருந்தால் வேலை மட்டுமா போயிருக்கும்? 1859-ல் அவரே பிட்ஸ்பர்க் டிவிஷன் சூப்பிரண்டு ஆனார்.

கடன் வாங்கிப் பங்குகள் வாங்கினார். 1865-ல் ரெயில்வேயை விட்டார். இரும்புப் பாலம், பிறகு உருக்குத் தண்டவாளம். 1875-ல் தொடங்கிய ஆலைக்கு பென்சில்வேனியா ரெயில்வே தலைவர் எட்கர் தாம்சன் பெயரை வைத்தார். தண்டவாளம் வாங்குகிறவர் அவர்தானே!

ஹோம்ஸ்டெட் ரத்தம்

1886-ல் தொழிற்சங்க உரிமையை ஆதரித்துக் கட்டுரை எழுதியவர் கார்னெகி. 1892-ல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்புத் தகராறு வந்தது. முதலாளி ஸ்காட்லாந்தில் ஓய்வெடுத்தார். நிர்வாகி பிரிக்குக்கு அவருடைய ஆதரவு இருந்தது. ஆலை பூட்டப்பட்டது. ஜூலை 6-ந்தேதி 300 கூலிக் காவலர்கள் ஆற்றில் படகுகளில் வந்து இறங்கினார்கள். இரு தரப்பிலும் துப்பாக்கி வெடித்தது. குறைந்தது 10 பேர் செத்தார்கள். 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் வந்தார்கள். சங்கம் உடைந்தது. கூலி குறைந்தது, 12 மணி நேர வேலை நிலைத்தது.

அதே ஹோம்ஸ்டெட் தொழிலாளருக்காக 1898-ல் பெரிய நூலகம் கட்டிக் கொடுத்தார். 12 மணி நேரம் உலை முன் நின்றவனுக்குப் படிக்க ஏது பொழுது?

1901-ல் தொழிலை 48 கோடி டாலருக்கு விற்றார். பணக்காரனாகவே சாவது இழுக்கு என்பது அவர் கொள்கை. அதன்படி சுமார் 35 கோடி டாலரை வழங்கினார். உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. காயம்பட்ட தொழிலாளருக்கும், இறந்தவர் குடும்பங்களுக்கும் 40 லட்சம் டாலர் நிதி வைத்தார்.

1919 ஆகஸ்டு 11-ந்தேதி இறந்தார். நியூயார்க் அருகே ஸ்லீப்பி ஹாலோ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 1924-ல் இறந்த அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்சின் கல்லறையும் அங்கே சில அடி தூரத்தில்தான் இருக்கிறது.