நெய்யாற்றங்கரையில் ஒரு பந்தி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறும் தமிழர்கள் நெய்யாற்றின்கரையைத் தாண்டித்தான் போகவேண்டும். பெரிய சாலையை விட்டு உள்ளே சென்றால் பெருங்கடவிளை, ஆரியங்கோடு என்று எல்லைப்புறக் கிராமங்கள் வரும். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பகுதி இது. இங்கே ஆற்றோரம், பாறைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் அருவிப்புறம்.

தனித்தனியாகச் சிதறிக் கிடந்த ஒரு சமுதாயம் ஒன்றுகூடத் தொடங்கியது இந்த ஊரில்தான். கூட்டியவர் ஸ்ரீ நாராயண குரு.

நாணு ஆசான்

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856-ல் ஓர் ஈழவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை மாடன் ஆசான், தாயார் குட்டியம்மா. சம்ஸ்கிருதம் கற்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததால் நாணு ஆசான் என்று பெயர் பெற்றார்.

பிறகு வீட்டை விட்டுப் புறப்பட்டார். சட்டம்பி சுவாமிகளின் நட்பு கிடைத்தது. அவர் மூலமாகத் தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். இந்த அய்யாவு சுவாமிகள் ஒரு தமிழர். தைக்காட்டு ரெசிடென்சியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஞானம் போதித்தவர். எல்லா ஜாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவர்.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மருத்துவாமலைக் குகையில் நாராயண குரு நெடுநாள் தவம் இருந்தார். தமிழில் நல்ல பயிற்சி உடையவர். தமிழில் பதிகங்கள் பாடினார். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் ஆக்கினார்.

ஆளுக்கு ஒரு மூலை

அன்றைய திருவிதாங்கூரில் ஈழவர்கள் பெரிய கோயில்களுக்குள் போக முடியாது. பல சாலைகளில் நடக்க முடியாது. பள்ளிக்கூடமும் சர்க்கார் உத்தியோகமும் எட்டாக்கனி.

இவற்றைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. துன்பப்பட்டவர்களே ஒன்றாக இல்லை. ஈழவர்களுக்குள்ளேயே உட்பிரிவுகள், ஒரு பிரிவார் வீட்டில் இன்னொரு பிரிவார் சாப்பிடமாட்டார்கள். அவர்களே புலையர், பறையர்களைத் தீண்டாமல் ஒதுக்கினார்கள். யாருக்கு எந்தக் கொடுமை நேர்ந்தாலும் அவரவர் குடிசைக்குள் அழுதுவிட்டு இருக்கவேண்டியதுதான்.

ஆற்றில் எடுத்த கல்

1888-ம் ஆண்டு சிவராத்திரி. நாராயண குரு நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து, பாறையின் மேல் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் ஒருவர் பிரதிஷ்டை செய்வதா என்று மேல்ஜாதியார் கேட்டபோது, தாம் நிறுவியது ஈழவரின் சிவனைத்தானே என்று அமைதியாகப் பதில் சொல்லி அவர்கள் வாயை அடைத்ததாக நாடு முழுவதும் பேசிக்கொண்டார்கள்.

ஜாதி, மதப் பகை பாராமல் எல்லாரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற கருத்தை அங்கே எழுதிவைக்கச் செய்தார்.

வாவூட்டு

கோயில் வந்துவிட்டது. ஆனால் கும்பிட்டுவிட்டு அவரவர் வழியே போய்விட்டால் ஒற்றுமை வந்துவிடுமா? அங்கே வாவூட்டு யோகம் என்ற சிறு சங்கம் எழுந்தது. வாவு என்றால் அமாவாசை. மாதந்தோறும் அமாவாசை அன்று கூடுவார்கள்; ஏழைகளுக்கு அன்னம் இடுவார்கள்; கோயில் காரியங்களைச் சேர்ந்து கவனிப்பார்கள்.

மாதம் ஒரு நாள், ஒரு வேளைச் சோறு. பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் சமைக்க ஆள் வேண்டும், பரிமாற ஆள் வேண்டும். வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஒருவர் இருப்பார். ஒருவர் கஷ்டம் இன்னொருவர் காதில் விழும்.

இந்தச் சிறு சங்கமே அருவிப்புறம் க்ஷேத்திர யோகமாக வளர்ந்தது. 1903-ல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவு பெற்றது. குரு அதன் நிரந்தரத் தலைவர். கவி குமாரன் ஆசான் செயலாளர்.

யோகத்துக்குப் பின்பலமாக நின்றவர் டாக்டர் பல்ப்பு. சென்னையில் வைத்தியம் படித்துத் தேறியும், ஜாதியைக் காட்டிச் சொந்த சமஸ்தானம் வேலை தர மறுத்தது. அவர் மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தார். பிழைப்புக்கு வெளியூர் போன அவர், 1896-ல் 13,176 பேர் கையொப்பமிட்ட மனுவைத் திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பிக்க முன்னின்றார்.

தாலிகெட்டுக் கல்யாணம் போன்ற வீண் செலவுகளை நிறுத்தும்படியும், கள்ளை விடும்படியும், பிள்ளைகளைப் படிக்கவைக்கும்படியும் குரு ஊர் ஊராகச் சென்று சொன்னார்.

பந்தியில் வந்த சோதனை

யோகம் வளர வளர அது தங்கள் ஜாதியின் சொத்து என்ற எண்ணமும் சிலருக்கு வளர்ந்தது. குரு மனம் நொந்தார். 1916-ல் பல்ப்புவுக்குக் கடிதம் எழுதி, யோகத்திலிருந்து விலகிக்கொண்டார். தாம் ஜாதி, மத பேதத்தை விட்டு ஆண்டுகள் சில ஆகிவிட்டன என்று அதே ஆண்டில் அறிக்கையும் வெளியிட்டார்.

மறு ஆண்டு, 1917-ல், கொச்சி சமஸ்தானத்தில் உள்ள செறாயியில் ஐயப்பன் என்ற ஈழவ வாலிபர் ஒரு சமபந்தி நடத்தினார். ஈழவர்களும் புலையர்களும் சேர்ந்து உண்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கொதித்தார்கள், ஐயப்பனை ஒதுக்கிவைத்தார்கள், புலையன் ஐயப்பன் என்று ஏசினார்கள். குருவோ ஐயப்பன் பக்கம் நின்று, பொறுமையோடு காரியத்தைத் தொடரச் சொன்னார். பின்னாளில் சகோதரன் ஐயப்பன் என்று பெயர் பெற்றவர் இவரே.

அருவிப்புறத்துப் பந்தி நம்மவர்களை மட்டும் சேர்ப்பதற்கு அல்ல என்பதை அன்று எல்லாரும் அறிந்தார்கள். குருவின் ஆசிரமங்களில் புலையர் வீட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களோடு தங்கிப் படித்தார்கள். 1924-ல் ஆலுவாயில் சர்வமத மாநாடு கூட்டினார். வைக்கம் சத்தியாக்கிரகத்துக்கும் ஆதரவு தந்தார்.

1928 செப்டம்பர் 20-ந் தேதி வர்க்கலை சிவகிரியில் குரு சமாதி அடைந்தார். 1936-ல் திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவுகள் எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்தன. அதைக் காண அவர் இல்லை.

அருவிப்புறத்தில் இன்றும் சிவராத்திரிக்குக் கூட்டம் கூடுகிறது. ஊரை விட்டு வந்து, பக்கத்து அறையில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாமல் நாளைக் கழிப்பவர்களுக்கு அந்த ஆற்றங்கரை ஒரு வழி காட்டுகிறது. சங்கம் தொடங்கப் பெரிய பணமோ கட்டிடமோ வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள் கூடி உண்டால் போதும். பந்தியில் யார் வந்தாலும் இடம் இருக்கவேண்டும், அவ்வளவே.